வத்தல் நெடி நுழையாத இடம்

அத்தை,

இன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா பனை ஓலையில் பொதிந்து வாங்கி வந்த ஆட்டு நுரையீரலைக் கழுவ உட்கார்ந்தேன். தண்ணீர் பட்டதும் அதன்மேல் இருந்த ஜவ்வு பளபளவென்று மின்னியது. ஓரத்தில் நகத்தால் கிள்ளி மெதுவாக இழுத்தேன். வெங்காயத் தோலைவிட மெல்லிசாக உரிந்து வந்தது. கையில் விரித்துப் பிடித்தால் என் விரல் ரேகை தெரிந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, கறியைக் கழுவுறியா, அதுகூடக் கதை பேசிக்கிட்டு இருக்கியா?"

கதைதான் பேசிக்கொண்டிருந்தேன். உங்களோடு. அதை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிப்பதற்கு நீங்கள் எப்போதும் காரணம் தேடியதில்லை.

எம். புதுப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, மாமா இறந்தபின் தம்பி வீடே போதும் என்று நீங்கள் விருதுநகருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் உள்ள எல்லோரையும்விட அதிகமாகப் பேசுகிற ஒரு அத்தை. அம்மாவுக்குக் கைக்குழந்தை வந்து நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திய கொஞ்ச நாளில், மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் கிட்டங்கிக்குக் காம்பு கிள்ள என்னை அழைத்துப் போனது நீங்கள்தான்.

முதல் நாள் எனக்கு மறக்காது. மூக்கின் உள்ளே தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, முந்தானையை முகத்தில் சுற்றிக் கட்டிவிட்டீர்கள். "கண்ணை மட்டும் கசக்கிராத. கசக்குனா இன்னைக்கு முழுக்கக் கல்யாணப் பொண்ணு மாதிரி அழுதுக்கிட்டே இருக்கணும்" என்றீர்கள். சொல்லி முடிப்பதற்குள் நான் கசக்கிவிட்டேன். இமைக்குள்ளே தோலை உரித்து உப்பு வைத்ததுபோல எரிந்தது. கிட்டங்கியே சிரித்தது. நீங்கள் மட்டும் சேலை நுனியை நனைத்து ஒற்றிக்கொண்டே சிரித்தீர்கள்.

கிட்டங்கியில் ஒரு பழக்கம் உண்டே, புது மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது யார் முதலில் தும்முகிறார்களோ அவர்தான் அன்றைக்குக் குடிதண்ணீர் கொண்டு வர வேண்டும் என்று. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பெரும்பாலும் நீங்கள்தான் தோற்பீர்கள். உங்கள் தும்மல் ஒன்றோடு நிற்காது. தொடங்கினால் வரிசையாக வெடிக்கும். கணக்கப்பிள்ளை மேசையிலிருந்து சத்தம் கொடுப்பார்.

"புதுப்பட்டிச் சரவெடி பத்திக்கிருச்சு. தீப்பெட்டியை எல்லாம் தள்ளி வைங்கப்பா!"

"இது ஆர்டர் இல்லாமலே வர்ற லோடு, கணக்கப்பிள்ளை. உங்க சீட்டுல ஏத்திராதீக" என்பீர்கள் அடுத்த தும்மலுக்கு நடுவில்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையல்காரர் வாசலில் வந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டால் நான் உங்கள் பின்னால் போய்விடுவேன். பேர் சொல்வதும் நீங்கள்தான், வளையல் அளவு சொல்வதும் நீங்கள்தான், எனக்குப் பிடித்த நிறம் எது என்று சொல்வதும் நீங்கள்தான். அது சரியாகவும் இருக்கும். கணக்கப்பிள்ளை என்னிடம் ஏதாவது கேட்டால் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். "இந்தப் புள்ளை ஊமையா?" என்று நம்மோடு காம்பு கிள்ளும் சீனியம்மா ஒருநாள் கேட்டபோது, "எம் மருமக பேச்சை எல்லாம் பானையில போட்டு மூடி வச்சிருக்கா. பஞ்ச காலத்துக்கு ஆகும்" என்றீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. பேச வேண்டியதை எல்லாம் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்றால் எனக்கு என்ன கவலை?

இருமலை நம் கிட்டங்கியில் யாரும் நோய் என்று நினைப்பதில்லை. அது வேலையோடு சேர்ந்தது, வியர்வை மாதிரி. தெருவில் யாராவது இருமிக்கொண்டு போனால், "எந்தக் கிட்டங்கி?" என்றுதான் கேட்பார்கள். அதனால் நீங்கள் இருமத் தொடங்கியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். கம்பவுண்டரிடம் நீங்களே, "வத்த நெடி இருமல்தான், அந்தச் செவப்பு மருந்தை ஊத்துங்க" என்று சொல்லி வாங்கி வருவீர்கள். நோயும் நீங்கள் சொன்னது, மருந்தும் நீங்கள் சொன்னது. அவர் ஊற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக் கிட்டங்கியை அடைத்திருந்தார்கள். வீட்டில் விருந்தாளிகள். பொருட்காட்சிக்குப் போய் வந்த கதையைச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ராட்டினத்தில் ஏறி, இறங்கும்போது செருப்பு ஒன்று எங்கோ பறந்து போய், மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்த கதை. எல்லோரும் உருண்டு சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. இடது விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் விரித்தீர்கள். அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். உங்கள் இருமலை யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நீங்கள் சிரிக்காததை நான் மட்டும்தான் கவனித்தேன். நான் வேறு என்ன செய்வேன், பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பதுதானே என் வேலை.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. கிட்டங்கி அடைத்திருந்த நாட்களிலும் இருமல் நிற்கவில்லை. படுத்தால் இடது பக்கமாக மட்டுமே படுத்தீர்கள். சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று சுட்டது. பொங்கல் முடிந்தபின் வலி குறைந்துவிட்டது என்று சொன்னீர்கள், ஆனால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் நின்று மூச்சு வாங்கினீர்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "ஏட்டி… அந்த… முறத்தை…" என்று சொல்லிவிட்டு மீதியைக் கையால் காட்டினீர்கள். நீங்கள் கையால் பேசியதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

அப்பா லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தார். அம்மாவால் குழந்தையை விட்டு வர முடியவில்லை. நான்தான் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்திருந்தார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். நமக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது.

"என்ன செய்யுது?"

"வத்த… நெடிம்மா… கிட்டங்கி வேலை…"

டாக்டரம்மா தலையாட்டினார். காலையிலிருந்து அதையே எத்தனை பேர் சொன்னார்களோ. பேனாவை எடுத்துச் சீட்டில் எழுதத் தொடங்கினார். அதே சிவப்பு மருந்துதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நாம் வீட்டுக்குப் போவோம். நீங்கள் மறுபடியும் கிட்டங்கிக்குப் போவீர்கள். இன்னும் கொஞ்ச நாளில் முறத்தைக்கூடக் கையால் காட்ட மாட்டீர்கள். அது நெடி இல்லை என்று தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். குனிந்து உங்கள் காதில், "கிட்டங்கி அடச்சிருந்ததைச் சொல்லுங்க அத்தை" என்றேன். பேச மூச்சு இல்லை என்று நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"அங்க என்ன ரகசியம்?" என்றார் டாக்டரம்மா, நிமிராமல்.

வேற்று மனிதர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எனக்குக் காதில் இருந்த பேச்சு உங்கள் பேச்சு ஒன்றுதான். அதையே எடுத்துப் பேசிவிட்டேன்.

"நெடி ஒன்னுமில்லம்மா! இவுக சொல்றதைக் கேட்டு எழுதிராதீக. பங்குனிப் பொங்கலுக்குக் கிட்டங்கி அடச்சுக் கிடந்துச்சு. அப்பவும் இருமுனாக. இடது கைப் பக்கமாத்தான் படுக்காக. சிரிச்சா விலாவைப் பிடிக்காக. அந்தி சாஞ்சா காய்ச்சல். இம்புட்டுத் தண்ணியத் தூக்க முடியல. இவுக பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்பப் பாருங்க, பேசாம இருக்காக!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வரிசையில் நின்ற யாரோ, "யம்மாடி!" என்றார்கள். நீங்களோ, நோயை மறந்து வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தீர்கள்.

அவர் உங்களைத் திரும்பி உட்காரச் சொல்லி, முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு விரலை முதுகில் பதித்து மற்றொரு விரலால் தட்டினார், சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல. வலது பக்கம் டொக் டொக் என்று காலிப் பானைச் சத்தம். இடது பக்கம் கீழே வந்ததும் சத்தமே அமுங்கிப் போனது. எனக்கே வித்தியாசம் கேட்டது.

"இங்க நீர் கோத்திருக்கு. பெட்டுல சேர்க்கணும்."

பெரிய வார்டில் ஜன்னலோரக் கட்டில். மறுநாள் ஊசி போட்டு நீரை எடுக்கப் போகிறார்கள் என்று நர்ஸம்மா சொன்னதிலிருந்து உங்களுக்கு ஒரே பயம். என் காதில் சொன்னீர்கள். நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"ஊசியக் குத்துனா மூச்சு எல்லாம் அந்த ஓட்டை வழியாப் போயிருமான்னு கேக்காக. சைக்கிள் டியூப்பு பஞ்சர் ஆனாப்புல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். அவசரப்படாமல், நம் இருவருக்கும் சேர்த்து.

"வாய்க்குள்ள, மூக்குக்குள்ள ஈரமா ஒரு தோல் இருக்குல்லா? அது தொண்டை, மூச்சுக்குழாய் வழியா உள்ள வரைக்கும் போகுது. வயிறு, குடல் உள்பக்கமும் அப்படித்தான், ஈரத்தோல். அதெல்லாம் வாசல் திறந்த வீடு. நெடியும் தூசியும் சோறும் தண்ணியும் போய் வரும். உங்களுக்கு நோவு அங்க இல்லை. நுரையீரலை வெளிப்பக்கம் ஒரு ஜவ்வு மூடியிருக்கு. விலா எலும்புக்கு உள்பக்கமும் அதே ஜவ்வு ஒட்டியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல துளி ஈரம். மூச்சு விடும்போது ஒன்னு மேல ஒன்னு வழுக்கிப் போகும். அந்த இடத்துக்கு வாசலே கிடையாது. அங்க வத்தல் நெடி நுழைய முடியாது."

"அப்ப… தண்ணி மட்டும்… எப்படிம்மா நுழைஞ்சது?" நீங்களே கேட்டீர்கள்.

"நுழையல்ல. ஜவ்வுல புண்ணு. முதல்ல ரெண்டும் காய்ஞ்சு போய் உரசிச்சு, அப்பதான் குத்துற வலி. பிறகு அதுவே நீரைக் கசிய விட்டுடுச்சு. தீக்காயக் கொப்புளத்துல நீர் கோக்குமே, அது மாதிரி. நீர் நடுவுல வந்ததும் உரசல் நின்னுபோச்சு, வலி குறைஞ்சது. ஆனா நுரையீரல் விரிய இடம் இல்லை. அதான் மூச்சு வாங்குது. ஊசி அந்த நீர் இருக்கற இடத்துக்குத்தான் போகும்."

நீங்கள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னீர்கள்.

"நம்ம ஊர்ல… வாசல் உள்ள வீட்டுக்கே… தண்ணி வரல. எனக்கு… வாசல் இல்லாத வீட்டுக்குள்ள… ஊருணி!"

வார்டே சிரித்தது. நர்ஸம்மா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஊசி போடும்போது நீங்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். அசையக் கூடாது, இருமக் கூடாது, பேசக் கூடாது என்றார் டாக்டரம்மா. முதல் இரண்டையும் தாங்கிக்கொண்டீர்கள். மூன்றாவதுதான் உங்களைப் படுத்தியது. என் கைகளைப் பிடித்துக்கொண்டு கண்ணாலும் புருவத்தாலும் எதையோ சொன்னீர்கள். எனக்கு எல்லாம் புரிந்தது, அத்தனை வருஷம் பார்த்த முகம் அல்லவா.

"அத்தைக்கு ரொம்ப வலிக்கலையாம். ஆனா முதுகுப் பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியலையேன்னு இருக்காம்."

"நீ பார்த்துச் சொல்லு" என்றார் டாக்டரம்மா.

நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி ஊசிக்குழாயில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. தெளிவான மஞ்சள். ரத்தமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். "கடலையெண்ணெய் கணக்கா இருக்கு அத்தை" என்றேன். உங்கள் தோள் குலுங்கத் தொடங்கியது. டாக்டரம்மா, "சிரிக்கக் கூடாது! ஏ பிள்ளே, நீ சிரிப்பு மூட்டாதே" என்று அதட்டினார். நான் ஒருவரைச் சிரிக்க வைத்தேன் என்று எனக்குத் திட்டு விழுந்ததே, அது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

நீரை எடுத்து முடித்ததும் நீங்கள் ஒரு மூச்சு இழுத்தீர்கள். வெகு நாளாகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்தாற்போல நெஞ்சு நிறைய. முதல் வேலையாக அடுத்த கட்டில் அம்மாளைக் கூப்பிட்டீர்கள். "கேட்டீகளா? விருதுநகர்க்காரி நெஞ்சுக்குள்ள எண்ணெய்ச் செக்கு ஓடியிருக்கு. மொத்த வியாபாரம்!" இடைவெளி இல்லாமல் ஒரே மூச்சில் சொன்னீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வத்தல் கிள்ளிய கை இல்லை அது, எரியவில்லை.

அதன்பிறகு நெடுநாள் ஊசி, மாத்திரை, முட்டை, ஓய்வு. டாக்டரம்மா கிட்டங்கி பக்கமே போகக் கூடாது என்றார். நான் தனியாகப் போனேன். எனக்குப் பதிலாகப் பேச அங்கே யாரும் இல்லை. எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு தங்கள் விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள்: அவுகளுக்கு என்ன, எங்களுக்கும் வருமா, நெடிதான் தண்ணியாச்சா?

நான் மூட்டையைக் காட்டிச் சொன்னேன். வெளியூருக்குப் போகிற சரக்கை ரெட்டைச் சாக்கில் போடுகிறோமே, சாக்குக்குள் சாக்கு. வத்தல் இருப்பது உள்சாக்கில். இரண்டு சாக்குக்கும் நடுவில் வத்தல் போகாது. அத்தைக்கு நோவு அந்த நடுவில். நாம் இழுக்கிற நெடி உள்சாக்கோடு நின்றுவிடும், அது அரிக்கிறது உள்பக்கத்து ஈரத்தோலை. அதனால்தான் நமக்கு மூக்கும் தொண்டையும் எரிகிறது. ஆனால் நெடி இல்லாத நாளிலும் இருமல் வந்தால், காய்ச்சலும் சேர்ந்தால், அது நெடி இல்லை, வேறு. உடனே போய்க் காட்ட வேண்டும்.

சொல்லி முடித்தபோது கணக்கப்பிள்ளைகூடக் கணக்கை நிறுத்தியிருந்தார். சீனியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஏ, இந்தப் புள்ளைக்குள்ள இருந்து அவுக அத்தையில்ல பேசுதாக!"

சாயங்காலம் வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சாக்கு வந்த இடத்தில் தொடையைத் தட்டினீர்கள். "டாக்டரம்மா சொன்னது எனக்குப் பாதி வெளங்கல. நீ சொன்னப்புறம்தாம்டி எம் நெஞ்சு எனக்கே தெரியுது" என்றீர்கள்.

கடைசியாகக் காட்டப் போனபோது உங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா குழாயை என் காதில் மாட்டிக் கேட்கவைத்தார். கரிசல் காட்டில் காற்றடித்தால் பருத்திச் செடிகளுக்குள் ஒரு சத்தம் வருமே, அப்படி இருந்தது உங்கள் மூச்சு. வந்து போய், வந்து போய். அது போதும் எனக்கு.

போன ஆவணியில் மத்தியானச் சாப்பாடு முடித்து, அப்பாவைக் கேலி செய்துவிட்டு, சற்றுப் படுக்கிறேன் என்று போன நீங்கள் எழுந்திருக்கவில்லை. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எப்படி நடந்தது என்று நான்தான் சொன்னேன். அம்மாவால் முடியவில்லை, அப்பாவாலும் முடியவில்லை. உங்களைப் பற்றிக் கேட்டவர்களிடம் நான் பேசாமல் இருக்க முடியுமா?

இப்போது ஒரு சங்கதி. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கிட்டங்கியில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஆலங்குளம் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். வந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாள். "நெடி, பழகிரும்" என்றார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, லீவு நாள்லயும் இருமல் இருக்கா?"

தலையாட்டினாள்.

"எந்தப் பக்கமாப் படுக்கீக? சிரிச்சா விலா வலிக்குதா?"

அவள் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும், அது என் பழைய பார்வை. அவள் மாமியாரிடம் நானே பேசி, போன வாரம் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதே டாக்டரம்மாதான்.

"என்ன செய்யுது?" என்று அவளைக் கேட்டார்.

நான் சொன்னேன். எப்போது தொடங்கியது, லீவு நாளில் எப்படி, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் நான்தான் சொன்னேன். பிறகு அவர் முதுகில் தட்டிக் கேட்டார். இரண்டு பக்கமும் நல்ல சத்தம். குழாய் வைத்துக் கேட்டார். எல்லாம் சுத்தம். நெடியில் தொண்டைத் தோல் புண்ணாகியிருக்கிறது, லீவு நாளிலும் ஆற நேரம் இல்லை, கொஞ்ச நாள் வேறு வேலை பார்க்கட்டும் என்றார். "ஆனா கூட்டிட்டு வந்தது நல்லது. இப்படித்தான் வந்து பார்க்கணும்" என்றும் சொன்னார்.

"ராத்திரி சுடுதண்ணி குடிக்கலாமாம்மா? இவுக வீட்டுல…" என்று நான் மறுபடியும் தொடங்கினேன்.

டாக்டரம்மா குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிள்ளே, நீ கொஞ்சம் வாயை மூடுதியா? அவளுக்கும் வாய் இருக்கு. அவ சொல்லட்டும்."

அத்தை, என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண் மெதுவாக நிமிர்ந்து, சுடுதண்ணி குடிக்கலாமா என்று தானே கேட்டாள்.